தட்டச் சொன்னவள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘முற்றுப்புள்ளி’. யார் எழுதிக் கொடுத்தாலும் வாக்கியத்தின் கடைசியில் புள்ளி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவள், தலை நரைத்த பிறகும் அதே நாற்காலியில் இருந்தாள்.

இப்போது எழுதச் சொன்னது ஒரு போர்ட் ஸ்கேனருக்கு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு முகவரியும் ஆயிரக்கணக்கில் வாசல்களும் உண்டு. ஸ்கேனர் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி, எது திறந்திருக்கிறது என்று பார்த்துவரும். வில்லங்கம் என்னவென்றால், இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது மனிதர் இல்லை. ஏஐ ஏஜென்ட். கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று இவள் எழுதிவைத்தால், படித்துவிட்டுத் தானே வேலையை முடிக்குமாம்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மனிதர்களுக்கு எழுதும்போது முன்னே பின்னே இருந்தாலும் அவர்களே அனுசரித்துக்கொள்வார்கள். இதற்கு அந்தப் பழக்கமே கிடையாது.

“உப்பு போடுன்னா டப்பாவோட கொட்டுற ஜென்மம் அது,” என்று கணவனிடம் புலம்பினாள்.

“அப்ப நம்ம வீட்டு வகையறாதான்,” என்றான் அவன். சமையல் அவன் பொறுப்பு.

அவள் எப்படியாவது தப்பித்துவிடத் துடித்தாள். பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரிக்கிற, குறுக்குக் கேள்வி கேட்கிற வாசகர்கள்! கடைசி நேர்காணல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. யாரைச் சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவோம் என்று பதிப்பகத்து அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். இது கைநழுவினால் இந்த வயதில் இன்னொன்று வராது என்று முற்றுப்புள்ளிக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் சோதனை அறையில் வேலையை முடித்து, லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். அந்த ஒரு அறைக்கு மட்டும் உள்ளே வரவும் வெளியே போகவும் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டினாள். கதவு அசையவில்லை. புடவையில் துடைத்துக் காட்டினாள். ம்ஹூம்.

மேனேஜருக்கு போன் செய்தாள்.

“எல்லாக் கதவும் அப்படித்தான் நிக்குதும்மா. உங்க கையேட்டை வெச்சு ஏஜென்டைச் சோதிச்சுக்கிட்டு இருந்தோம், திடீர்னு இப்படி.”

“எந்த முகவரியைத் தட்டச் சொன்னீங்க?”

“முகவரியெல்லாம் குடுக்கலையே. சும்மா ‘ஸ்கேன் பண்ணு’ன்னோம்.”

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உதாரணம் காட்டுவதற்கென்றே, யாருக்கும் சொந்தமில்லாத முகவரிகள் சில உண்டு. எப்போதும் அவற்றைத்தான் போடுவாள். இந்த முறை, “தட்டினா பதில் வர்ற மாதிரி ஒண்ணு போடுங்க” என்று மேனேஜர் நச்சரித்ததால், அலுவலக நெட்வொர்க்கிலிருந்தே ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள். அது கதவுகளை ஆளும் பழைய பெட்டியின் முகவரி. மனிதர்கள் உதாரணத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஏஜென்ட் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டது. இத்தனை தட்டைத் தாங்காமல் பெட்டி படுத்துவிட்டது. போதாக்குறைக்கு அடுத்த வரியில் அவளே எழுதியிருந்தாள்: பதில் வராவிட்டால் மீண்டும் தட்டவும்.

மூடிய லேப்டாப்பைத் திறந்தாள். உதாரணத்தை அழித்துவிட்டு எழுதினாள்: ‘முகவரி தரப்படாவிட்டால் எதையும் தட்டாதே. நின்று, கேள்.’ அடுத்த சுற்றுக்கு முன் ஏஜென்ட் பக்கத்தைப் படித்தது, நின்றது. ஆனால் படுத்த பெட்டி எழவில்லை. மெக்கானிக் வந்தால்தான் ஆகும் என்றார் மேனேஜர்.

கதவின் பக்கத்தில் ஆபத்துக்கு உடைக்கும் கண்ணாடி இருந்தது. இவள் மனதைப் படித்தவர்போல் அவர் போனிலேயே கெஞ்சினார். “அதை மட்டும் உடைச்சிடாதீங்கம்மா. கஸ்டமர் வந்திருக்காங்க. அலாரம் அடிச்சா மானம் போயிடும்.”

சரி என்று சொல்லியே பழகியவள் அவள். மணியைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓங்கி ஒரு போடு போட்டாள். அலாரம் ஊரைக் கூட்டியது. எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டன. படிகளில் இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கட்டடமே முற்றத்தில் வந்து நின்றது. கேட்டில் காவலாளி டேப்லெட்டும் கையுமாக வழியை மறித்தார்.

“சோதனை அறையில ஒருத்தர் இன்னும் உள்ள இருக்காங்க. கணக்கு சரியாகாம யாரையும் விட முடியாது.”

“யாரு?”

அவர் அட்டை எண்ணைப் படித்தார்.

“ஐயோ, அது நான்தாங்க! உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?”

“நிக்கிறீங்க. ஆனா வெளிய வந்ததா இதுல காட்டலையேம்மா. போய் அட்டையைக் காட்டிட்டு வாங்க.”

“அட்டை வேலை செய்யாமத்தான் உடைச்சிட்டு வந்தேன்!”

“அப்ப பெட்டி சரியாகட்டும்,” என்றார் அவர், கோபமே இல்லாமல். அவள் திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மூன்றரைக்கு போன் வந்தது. “எங்கம்மா இருக்கீங்க?” என்றார் பதிப்பகத்து அம்மாள்.

“ஆபீஸ் கேட்டுலதாங்க. வெளிய விடமாட்டேங்கறாங்க.”

“இங்க ஒரு பொண்ணு காத்துட்டிருக்கா. அவளையே எடுத்துக்கறோம். வருத்தப்படாதீங்க.”

அப்போதுதான் மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார், முகமெல்லாம் பல்லாக. “கஸ்டமருக்கு அலாரம் ஒரு பொருட்டாவே இல்லைம்மா! ஒரே வரியில ஏஜென்டை நிறுத்திட்டீங்களே, அதைத்தான் பேசறாங்க. இனிமே எல்லாக் கருவிக்கும் நீங்களே எழுதணுமாம். அப்படிச் சொல்லித்தான் ஒப்பந்தமே போட்டிருக்கேன். நல்லவேளை, இன்னிக்கு நீங்க இருந்தீங்க!”

கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. வாயைத் திறந்தாள்.

“சரிங்க சார்,” என்றாள்.