அண்ணாதுரை தேர்ந்தெடுத்த குளிர்பெட்டி

ஒரே ஒரு தாள். அதில் இங்கிலீஷில் 'ஆபரேஷன் மிஸ்டேக்', அதாவது கையாளுகிற ஆளின் தப்பு, என்று எழுதி, கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தது. அந்தத் தாளால் அண்ணாதுரையின் இருபத்திரண்டு வருஷ வேலை போயிற்று.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அடுத்தவர் வாசித்துச் சொன்னதுதான். வரதராஜன்பேட்டையில் நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் எந்தக் குளிர் மெஷின் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், ஓடுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். பால் பண்ணை, மருந்துக் கடை, மீன் கடை, ஆஸ்பத்திரி பிணவறை வரைக்கும் இந்த செல்வநாதன் கை படாத குளிர் இந்தப் பக்கம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். எனக்கு எவனும் கற்றுக் கொடுக்கவில்லை, நானே பிரித்து நானே மாட்டிக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த ஆத்திரம்தான் என்னை எழுத வைக்கிறது.

அண்ணாதுரையை நான் 'அவன்' என்றுதான் எழுதுவேன். என்னைவிட எட்டு வயது இளையவன். திருமழபாடிக்காரன், கொள்ளிடக் கரையில் வளர்ந்தவன். பதினெட்டு வயதில் பெரம்பலூருக்கு பஸ் ஏறி வந்து ஐஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அப்போது ஐஸ் கட்டி சுமப்பதை விட்டுவிட்டு அதே டிப்போவில் மெஷின் பக்கம் போயிருந்தேன். உமி போட்டு மூடிய ஐஸ் கட்டியை அவன் விரலால் ஒரு தட்டுத் தட்டுவான். உள்ளே பொக்கு விழுந்திருந்தால் சொல்லிவிடுவான். இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது, பக்கத்துக் கல்யாணத்துக்குக் கொடுங்கள், தூரத்துக்கு ஏற்றாதீர்கள் என்பான். அவன் சொன்னது தப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. டிப்போ மூடிய பிறகு சோடாக் கடை, டீக்கடை என்று சுற்றிவிட்டு, நாலு ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் காசிநாதன் லாட்ஜில், லைசென்ஸ் பாரில் சேர்ந்தான். சரக்கு எடுத்துக் கொடுக்கிற கவுண்டர் அவன் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷம் பாரில் நின்றவன் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை.

காசிநாதன் கெட்டவர் இல்லை. ஆனால் கொஞ்சம் வசதி வந்ததும் கண்ணாடி, கலர் விளக்கு என்று மனம் போய்விட்டது. போன பொங்கல் கழிந்ததும் பாரை இடித்துப் புதிதாகக் கட்டினார். குளிர் மெஷின் வாங்க என்னைக் கூப்பிடவில்லை. திருச்சியில் ஒரு ஷோரூமுக்குப் போய், ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த நாலு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே நீல விளக்கு எரியும், பாட்டில் எல்லாம் நகைக் கடை மாதிரி மின்னும். பார்க்க அழகுதான். அழகைக் குடிக்கவா ஆள் வருகிறான்?

எங்கள் ஊர்ப் பாரில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டிலைக் கொண்டுபோய் வைத்ததும் உடனே திறந்துவிட முடியாது. குடிக்கிறவர் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கூலிங் இல்லையென்றால் பாட்டிலைத் தள்ளிவிடுவார். சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. மத்தியானம் வருகிற கூட்டத்துக்குக் குறை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் பச்சைத் தண்ணி மாதிரி பீர். சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் நாள் முழுக்கத் தூசி தின்றுவிட்டு வருபவர்கள், வாயில் வந்தபடி பேசினார்கள். பேச்சு வாங்கியதெல்லாம் அண்ணாதுரை.

அவன் சும்மா இருக்கவில்லை. காசிநாதனிடம் போய், பின் வரிசை பாட்டில் முன் வரிசையைவிடச் சூடாக இருக்கிறது, இது முறை இல்லை என்று சொல்லியிருக்கிறான். எந்த மெஷினிலும் கதவோரம் இருப்பதுதான் சூடேறும், உள்ளே இருப்பது ஜில்லென்று இருக்கும். இதைவிடத் தெளிவாக ஒரு மெக்கானிக்கே சொல்ல முடியாது. காசிநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஷோரூமுக்கு போன் போட்டார்.

திருச்சியிலிருந்து எஞ்சினியர் ஒருவர் காலை பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்கினார். மீட்டரை உள்ளே வைத்தார், நாலு டிகிரி காட்டியது. மெஷின் நல்லா இருக்கிறது என்றார். பிறகு கேமராவில் பழைய படத்தை ஓட்டி எண்ணினார். கவுண்டர்காரர் ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பத்துத் தடவை கதவைத் திறக்கிறார், குளிர் எல்லாம் அப்படியே வெளியே போகிறது என்று எழுதி ஸ்டாம்பு குத்தினார். கதவைத் திறக்காமல் பாட்டில் எடுக்க அண்ணாதுரைக்கு மந்திரமா தெரியும்? பாருக்கு என்று விற்ற மெஷின் நூற்றுப் பத்துத் தடவை திறக்கத் தாங்காது என்றால், அதை எழுதியவர் எதற்கு விற்றார்?

அந்தத் தாளைக் காசிநாதன் நம்பினார். ரெண்டு சர்வர்கள் முன்னால் வைத்து, வயசாயிடுச்சு, கை நடுக்கம் வந்துடுச்சு, ஒண்ணாந்தேதியிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 

மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அவன் மனைவி மேகலா என் பட்டறைக்கு வந்து, சோறு இறங்காமல் படுத்துக் கிடக்கிறார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்றாள். நான் போனேன். வேலை போனது அவனை அவ்வளவு வாட்டவில்லை. குளிரைப் பற்றித் தெரியாதவன் என்று எழுதிவிட்டார்களே என்பதுதான்.

"ஐம்பத்தெட்டு வயசுல வேற வேல தேடிக்குவேண்ணே. ஆனா போற எடத்துல எல்லாம், பீரக் கெடுத்த ஆளுதானே நீன்னு கேப்பான். அதுக்கு என்ன பதில் சொல்றது?"

எஞ்சினியர் போன நேரத்துக்கு நான் போகவில்லை. பீர் எந்த நேரத்தில் சூடாகிறதோ அந்த நேரத்துக்குப் போனேன், சாயங்காலம் ஆறரைக்கு. மீட்டர் எடுத்துப் போகவில்லை. ஓரத்தில் நின்ற கண்ணாடிப் பெட்டியை ரெண்டு சர்வர்களை விட்டு ஒரு முழம் முன்னால் இழுக்கச் சொல்லி, பின்னால் இருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காசிநாதன் பதறிக்கொண்டு வந்தார்.

"காசி, அந்தச் செவுத்துல கைய வைய்யி."

"எதுக்குண்ணே?"

"வைய்யி. அப்புறம் பேசலாம்."

வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"செவுத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"கிச்சனு."

"கிச்சன்ல என்ன இருக்கு?"

அவர் வாய் திறப்பதற்குள், பண்டம் கொடுக்கிற ஜன்னல் வழியாகப் பரோட்டா மாஸ்டர் தலையை நீட்டி, "கல்லுண்ணே, அஞ்சு மணிக்குப் பத்த வப்போம்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். கட்டும்போது ஒரு வாஸ்துக்காரர் வந்து, அடுப்பு அக்கினி மூலையில் இருக்க வேண்டும், கரண்டில் ஓடுகிற சாமானும் அக்கினி மூலையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் ரெண்டையும் ஒரே மூலையில் போட்டு, ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றை நடுவில் எழுப்பி, பரோட்டாக் கல்லையும் பீர் பெட்டியையும் முதுகோடு முதுகாக உட்கார வைத்துவிட்டார்கள். குளிர் மெஷின் என்பது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிற சாமான். பின்னால் நெருப்பு எரிந்தால் அது எங்கே தள்ளும்? அஞ்சு மணி வரைக்கும் சமாளித்தது, அஞ்சு மணிக்கு மேல் மூச்சு முட்டியது. பதினோரு மணிக்கு வந்துவிட்டுப் போனவருக்கு இது எப்படித் தெரியும்? நாலாம் வகுப்புக்காரன் ஒரு கையை வைத்துக் கண்டுபிடித்ததை, காரில் வந்தவர் மீட்டர் வைத்தும் கண்டுபிடிக்கவில்லை.

பெட்டியை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள் என்றேன். காசிநாதன் மாட்டேன் என்றார். மின்சாரச் சாமான் மூலை மாறினால் குடும்பத்துக்கு ஆகாதாம். நான் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிறவன், மூலை பார்க்கத் தெரியாது. ஆனாலும் அடுத்தவர் நம்பிக்கையில் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. யோசித்துச் சொன்னேன். மெஷினில் நெருப்பு எது? மோட்டார். அதைத் தனியாகப் பிரித்து மொட்டை மாடியில் அக்கினி மூலையில் வைப்போம், அங்கே காற்றும் நன்றாக அடிக்கும். பெட்டியில் இருப்பது குளிர், தண்ணீர் சம்பந்தப்பட்டது. அதை ஈசானி மூலையில் வைத்துக் குழாயால் இணைத்துவிடலாம். காசிநாதன் அங்கேயே வாஸ்துக்காரருக்கு போன் போட்டார். அவரும் தாராளமா செய்யலாம் என்றாராம். இந்த யோசனை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அதோடு முடியவில்லை. என்ன மாதிரிப் பெட்டி என்று காசிநாதன் கேட்டார். நடந்து உள்ளே போகிற மாதிரி ஒரு குளிர் ரூம் கட்டிவிடலாம் என்று எனக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். இந்த மாவட்டத்தில் நான் கட்டியது பதினாலு ரூம், ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் சொல்ல மாட்டேன் காசி. பத்து மணி நேரம் அது முன்னால நிக்கிறவனக் கேளு."

அண்ணாதுரைக்கு ஆள் அனுப்பினோம். வந்தான். வாசலில் லாரிகள் நிற்கிற இடத்தோடு நின்றுவிட்டான், உள்ளே வரவில்லை. போகச் சொன்ன இடத்துக்கு எப்படி வருவேன் என்று சொல்லி அனுப்பினான். காசிநாதன் கல்லாவில் உட்கார்ந்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த ரெண்டு சர்வர்களும் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை காசிநாதன் வாயில் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை.

"தொரண்ணே, எந்த மெஷினு வேணுமுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அண்ணாதுரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"படுக்கப் பெட்டி ரெண்டு மொதலாளி. மேல தள்ளுற மூடி. இடுப்பு ஒசரத்துக்கு ஸ்டாண்டு. உள்ள நடுவுல தடுப்பு வேணும், நேத்துப் போட்டது ஒரு பக்கம், இன்னிக்குப் போட்டது ஒரு பக்கம். வெயில்ல வந்த பாட்டில ஜில்லுன்னு இருக்குற பாட்டில் மேல போட்டா ரெண்டும் கெட்டுரும்."

எனக்குச் சுருக்கென்றது. குளிர் ரூமைப் பற்றிச் சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ரூமு சரக்கு அடுக்குறவனுக்கு நல்லதுண்ணே. எடுத்துக் குடுக்குறவனுக்கு இல்ல. நான் உள்ள போயிட்டு வெளிய வர்றதுக்குள்ள நாலு டேபிளு கத்தும். வேர்த்த ஒடம்போட அம்பது தடவ உள்ள போனா நெஞ்சு தாங்குமா? நிக்கிற கதவத் தொறந்தா குளிரு காலு மேல கொட்டிப் போயிரும். மேல் மூடியத் தொறந்தா தொட்டித் தண்ணியாட்டம் உள்ளயே கெடக்கும்."

ரெண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை. பதினாலு ரூம் கட்டியவன் பேச்சைத் தட்டிவிட்டானே என்று கோபம். மூன்றாம் நாள், அவன் சொன்ன அளவுக்கே பெட்டி செய்து, என் கையாலேயே குழாய் இழுத்து, மோட்டாரை மாடியில் ஏற்றினேன். அண்ணாதுரை பழையபடி கவுண்டரில் நின்றான். அக்கினி நட்சத்திரம் முழுக்க ஒரு பாட்டில் திரும்பி வரவில்லை. கண்ணாடிப் பெட்டி நாலும் இப்போது லாட்ஜ் வரவேற்பில் தண்ணீர் பாட்டிலுக்கு நீல விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

இதோடு விட்டிருப்பேன். போன மாதம் தா.பழூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு ரெண்டு இலை தள்ளிக் காசிநாதன். பக்கத்தில் ஜெயங்கொண்டத்தில் பார் நடத்துகிற ஒருவர். அவரிடம் காசிநாதன், நானே உட்கார்ந்து யோசிச்சு, நானே செலக்ட் பண்ணுன மெஷினு என்று விளக்கிக்கொண்டிருந்தார். தடுப்பு, இடுப்பு உயரம், தொட்டித் தண்ணீர், எல்லாம் அண்ணாதுரை சொன்ன வார்த்தைகள், ஒன்று மாறாமல். நான் எச்சில் கையோடு எழுந்தேன். அதைச் செலக்ட் பண்ணியது உங்கள் கவுண்டர்காரன் அண்ணாதுரை என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். காசிநாதன் சிரித்து மழுப்பினார். என் பாரு, என் ஆளு, ரெண்டும் ஒண்ணுதானேண்ணே என்றார். ஒன்று இல்லை. தப்பு வந்தபோது அது அண்ணாதுரையுடையது என்று ஸ்டாம்பு குத்தி வாங்கினீர்கள். சரியாக வந்ததும் எப்படி உங்களுடையது ஆகும்?

ஜெயங்கொண்டத்துக்காரர் கை கழுவுகிற இடத்தில் என் நம்பரைக் கேட்டார். என் நம்பரைக் கொடுத்து, அதற்கு மேலே அண்ணாதுரை நம்பரையும் எழுதச் சொன்னேன். முதலில் அவனைக் கேளுங்கள், அவன் சொன்னால் நான் வந்து மாட்டித் தருகிறேன் என்றேன். என் வாயால் இப்படி ஒரு வார்த்தை வரும் என்று என் வீட்டுக்காரி மரிய புஷ்பமே நம்பவில்லை.

திங்கட்கிழமை அண்ணாதுரை ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறான். எதுக்கு லீவு என்று காசிநாதன் கேட்டாராம்.

"ஜெயங்கொண்டத்துல ஒரு பாருக்கு மெஷினு பாத்துச் சொல்லக் கூப்பிட்டுருக்காங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருக்கிறான்.