ஒரு நாளுக்கு அருணா போட்ட விலை

என் மனைவி அருணா முப்பத்தாறு வயதில் பன்னிரண்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பணம் கட்டினாள். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் சாமை உமி நீக்கும் மில்லில் அவளுக்கு வேலை. மற்ற பாடங்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பொருளியல்தான் என் வயிற்றில் அடித்தது. முதல் தோசையில் இருக்கிற பயன் ஐந்தாவதில் இருக்காதாம்; நாலோடு அடுப்பை அணைத்துவிடுவாள்.

ஆனால் புத்தகத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஊரே புளியைச் சந்தையில் கொட்டிய வாரம், வரத்து கூடினால் விலை இறங்கும் என்று இரண்டு மூட்டையை நிறுத்திவைத்தாள். மூன்று வாரம் கழித்துக் கிலோவுக்கு எட்டு ரூபாய் கூடவே கிடைத்தது. அன்றிலிருந்து அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. எல்லாம் அங்கேதான் கெட்டது.

எங்கள் பக்கம் சாமை அறுப்புக்கு எட்டு வீடு சேர்ந்துகொள்வோம். வீட்டுக்கு ஓர் ஆள். இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை; கொல்லை என்றால் எங்களுக்கு மேட்டு நிலம். கூலி கிடையாது, கொல்லைக்காரர் சோறு போடுவார். நான் செங்கத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டுவதால் எங்கள் வீட்டு ஆள் எப்போதும் அருணாதான்.

இந்த வருஷம் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வந்தது. ஒன்றைச் செய்யும்போது எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுவே அதன் விலை. அருணா யோசித்தாள். அறுப்புக்குப் போனால் மில்லில் நானூற்றைம்பது போகும். வெளியாள் கூலி முந்நூற்றைம்பது. பக்கத்துக் கொல்லை வடிவு அக்காவிடம் போய், "நான் வர்ல அக்கா. எனக்குப் பதிலா ஆள் வெச்சிக்கங்க," என்று பணத்தைக் கொடுத்தாள். வடிவு அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த இரண்டு வீட்டுக்கும் அப்படியே. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாளுக்கு நூறு ரூபாய் மிச்சம் யாருக்குக் கசக்கும்?

எங்கள் முறை வந்தது. வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய சாமை, ஒன்றரை ஏக்கரில் முற்றி நின்றது. மழை மேகம் வேறு. முந்தின நாள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள்.

"வர்றோம். முந்நூத்தம்பது தானே?" என்றார் வடிவு அக்கா.

வந்தார்கள். விடிந்ததும் அல்ல, ஒன்பது மணிக்கு. கையில் அவரவர் சோற்றுத் தூக்கு. சுத்தமான வேலை, ஒரு கதிரும் சிந்தவில்லை. நாலு மணிக்கு எல்லோரும் அரிவாளைத் துடைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்கு சாமை அறுக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான் அக்கா," என்றாள் அருணா.

"நேரம் ஆயிடுச்சிம்மா," என்றார் வடிவு அக்கா. குரலில் கோபமே இல்லை. முன்பெல்லாம் முடிக்காமல் யாரும் கொல்லையை விட்டு ஏறியதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் வெறி பிடித்த மாதிரி அறுத்தோம். ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. நின்ற சாமை எல்லாம் மண்ணோடு சாய்ந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அந்த ஏழு பேரையும் திட்டித் தீர்த்தேன். அருணா அழுதுகொண்டே சொன்னாள்: "அவங்க மேல தப்பு இல்லீங்க. நான் ஒரு நாளுக்கு வெல போட்டேன். அவங்க ஒரு நாள் குடுத்தாங்க, அவ்ளோதான்."

இரண்டு நாள் கழித்து, எட்டு வீட்டில் ஒருவரான வேடியப்பன் கொல்லையில் அறுப்பு. எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து கூப்பிடவில்லை. அதுதான் அவளைச் சுட்டது; போன சாமைக்குக்கூட அவள் அப்படித் துடிக்கவில்லை. விடியுமுன் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளை இறக்கிவிட நானும் போனேன்.

வடிவு அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா, மில்லு லீவா?"

"இல்லக்கா. சம்பளம் புடிச்சிடுவாங்க."

"எவ்ளோ?"

"நானூத்தம்பது."

அக்கா சிரித்துவிட்டார். "அப்போ இன்னிக்கி எங்க எல்லாரையும் வுட நீதான் ஒசத்தி ஆளு. வா, இந்த ஓரத்துல புடி."

சாயங்காலம் அவளை அழைத்துவரப் போனேன். கிளம்பும்போது வடிவு அக்கா என்னிடமே சொன்னார்: "உங்க கொல்லியில சாஞ்சது காஞ்சிருக்கும். நாளைக்கு வெள்ளன எல்லாரும் வர்றோம். சோறு ஆக்கச் சொல்லு."

வழியெல்லாம் நான் மனக்கணக்குப் போட்டேன். எவ்வளவு பொறுக்கினாலும் அரை மூட்டைதான் தேறும். அதற்கு ஏழு பேருக்குச் சாப்பாடு, அருணாவுக்கு இன்னொரு நாள் சம்பளம் வேறு போகும். வண்டியை நிறுத்தி அவளிடம் சொன்னேன், நமக்கு இது நஷ்டம் என்று.

"தெரியும்," என்றாள். "கடையாண்ட நிறுத்துங்க. ரெண்டு கிலோ கறி வாங்கணும்."