டோக்கன் இல்லாத சம்மன்

சலவைக் கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. தெருவில் அவர் டோக்கன்காரர்தான். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவரிடம் துணி கொடுத்தால் ஒரு சின்ன மஞ்சள் அட்டையை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதி காலரில் குத்தப்படும், மறு பாதி உங்கள் கையில் திணிக்கப்படும். அதைத் தொலைத்துவிட்டு வந்தால் தொலைந்தீர்கள். துணிகளெல்லாம் ஒரு நீலத் திரைக்குப் பின்னால் தொங்கும். அந்தத் திரையை அவர் விலக்கவே மாட்டார். மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பார். "என்ன கலர்? எத்தனை பட்டன்? கறை எங்க இருக்கு? எந்தப் பாக்கெட்ல கிழிசல்?" கொலைக் கேஸில் கூட இவ்வளவு கேட்பார்களா என்பது சந்தேகம்.

"நீங்களே எடுத்துக் காட்டுங்களேன், பாத்துச் சொல்லிடறேன்" என்று கெஞ்சுபவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"நான் எடுத்துக் காட்டினா எவனும் ஆமான்னுதான் சொல்லுவான். தன்னுதுன்னு கேக்கறவன்தான் அடையாளம் சொல்லணும்."

இந்தச் சட்டத்தில் சொந்தபந்தத்துக்கும் சலுகை கிடையாது. மனைவியின் தம்பி ஒருமுறை வேலைக்கு நேர்காணல் என்று பேன்ட்டைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, அட்டையைத் தொலைத்துவிட்டான். கறுப்பு என்று சரியாகச் சொன்னான். பட்டன் கணக்கில் கோட்டை விட்டான். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், திரை அசையவில்லை. வேறொரு கசங்கிய பேன்ட்டோடு போய் நின்றவனுக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. டோக்கன்காரருக்கு அதிலும் கொஞ்சம் வருத்தம்தான்.

மச்சினன்மேல் அவருக்கு அப்படி என்ன பகை என்றால், ஒரு குடை. ஒரு மழை நாளில் இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தரவேயில்லை. அன்றிலிருந்து அவர் மனசுக்குள் அவன் கடன்காரன். அவன் சிரித்தால் ஏமாற்றுகிறான், சிரிக்காவிட்டால் எதையோ மறைக்கிறான். அவனுக்கு முன்பல் இரண்டு விழுந்துபோனதால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். அதைக்கூடத் திருட்டுத்தனம் என்றுதான் இவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு இது தெரியும். அவன் மட்டும் இதெல்லாம் தெரியாமல் வாய்க்கு வாய் மாமா மாமா என்று வளைய வந்தான்.

ஒரு நாள் காலை, மனைவி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், கடை போன் அடித்தது.

"கோர்ட்லேர்ந்து பேசறேன். சம்மன் குடுக்கற அதிகாரி. உங்க பேர்ல ஒண்ணு இருக்கு. சாயங்காலம் போலீஸோட உங்க கடைக்கு வரேன். கூட்டம் இருக்கற நேரமாப் பாத்துக் குடுக்கணும்னு உத்தரவு."

டோக்கன்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "என்ன சம்மன் சார்? நான் ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்லயே!"

"கடன் பாக்கி. வாங்கினது நீங்க இல்ல. ஜாமீனுக்கு உங்க பேரைக் குடுத்திருக்காங்க. உங்க குடும்பத்துல ஒருத்தர்தான்."

சொல்லிவிட்டு அந்தக் குரல் பேசாமல் இருந்தது. தூண்டில் போட்டவனுக்குப் பொறுமை வேண்டும், அது அவனுக்கு நிறையவே இருந்தது.

"எங்க குடும்பத்துல யாரு... என் மச்சினனா?"

"ஆமா சார். உங்க மச்சினன்தான்."

"வேன் ஓட்டறானே, அவனா?"

"அதே வேன் டிரைவர்தான் சார்."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினார் டோக்கன்காரர். வயிற்றில் கரைந்த புளியெல்லாம் ஒரு நொடியில் பாயசமாகிவிட்டது. எத்தனை வருஷமாக அவர் எதிர்பார்த்துக் கிடந்த செய்தி! ஒரு பேன்ட்டுக்குப் பட்டன் கணக்குக் கேட்ட மனுஷன், முகம் தெரியாத ஒருவனுக்கு நீலத் திரையை முழுசாக விலக்கி, ஒவ்வொரு துணியாக எடுத்துக் காட்டிவிட்டு, ஆமாம் என்று அவன் சொன்னதும் பூரித்துப்போய் நின்றார்.

அடுத்து, சட்டப் பிரிவு என்று இன்னொரு குரல் வந்தது. அதே குரல்தான், தொண்டையை மட்டும் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டிருந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. கோர்ட் கேன்டீனாக இருக்கும் என்று டோக்கன்காரர் நினைத்துக்கொண்டார். பாதித் தொகையைக் கட்டினால் சம்மன் நின்றுவிடும் என்றது குரல். கட்டும் விதம்தான் புதுசு. பெரிய கடைகளில் விற்கும் கிஃப்ட் கார்டுகளை வாங்கி, பின்பக்கம் சுரண்டி, அதில் இருக்கும் நம்பரைப் போனில் படிக்க வேண்டுமாம். பிறந்த நாளுக்குக் கொடுக்கிற கார்டை நீதிமன்றம் எதற்கு வாங்குகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. வெளியில் மூச்சு விட்டால் அது தனிக் குற்றம் என்றும் மிரட்டி வைத்தார்கள்.

"உங்க மச்சினன் நம்பர் இருக்கா சார்? பதிவுக்கு வேணும்."

"இல்லாம என்ன? எழுதிக்குங்க." நம்பரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். "அவனுக்கு அக்கான்னா உசிரு. அந்தப் பக்கமாப் பிடிங்க, வழிக்கு வருவான்."

மத்தியானம் கார்டு வாங்கிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். புது இஸ்திரி மெஷினுக்காகச் சேர்த்த பணம்தான். போகட்டும். கடையில் நாலு பேர் முன்னால் மானம் போகாது. அதைவிட, உன் தம்பிக்காக நான் அழுத பணம் என்று மனைவியிடம் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டலாம். அந்த லாபத்தை நினைத்தால் இஸ்திரி மெஷின் ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. பை தூக்கி வந்தவனெல்லாம் சம்மன்காரனாகத் தெரிந்தான். ஒருவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறியதும் டோக்கன்காரர் பேசாமல் வலது கையை நீட்டிவிட்டார், கையெழுத்துப் போடுவதற்கு. வந்தவர் அது ஏதோ மரியாதை என்று நினைத்துக் குலுக்கினார்.

"கோட்டு குடுத்திருந்தேன். அட்டையைக் காணோம்" என்றார் அவர்.

பழக்கம் விடுமா? "என்ன கலர்?"

"சாம்பல்னு நினைக்கறேன். நீங்க எடுத்துக் காட்டுங்க, சொல்லிடறேன்."

"நான் எடுத்துக் காட்டினா எவனும் ஆமான்னுதான்..."

வாக்கியம் பாதியில் நின்றது. டோக்கன்காரர் திரும்பி நீலத் திரையைப் பார்த்தார். காலையில் மச்சினன் என்று முதலில் சொன்னது யார்? வேன் என்று சொன்னது யார்? அவன் சொன்னதெல்லாம் ஆமாம், அதேதான். ஒரு பட்டனைக்கூட அவன் சொல்லவில்லையே!

வரலாற்றில் முதல் தடவையாக அந்தக் கோட்டு கேள்வி இல்லாமல் உரிமையாளரிடம் போனது. டோக்கன்காரர் பின்பக்கம் ஓடினார். சந்தையிலிருந்து திரும்பி அங்கே பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம், மச்சினன் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொட்டினார். ஜாமீன், சம்மன், கார்டு எல்லாம் வந்தன. போன் நம்பர் கொடுத்தது வரவில்லை.

அவள் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "கோர்ட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"அவங்க ஒரு நம்பர் குடுத்திருக்காங்க. அதுல..."

"அவன் குடுத்த நம்பர்ல அவன்தான எடுப்பான்? நல்ல ஆளுங்க நீங்க!"

கோர்ட்டின் சொந்த நம்பரை அவளே தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா தூக்கத்தில் பேசுவதுபோலப் பேசினார். இதே கேள்வியைப் பலரிடம் கேட்டு அலுத்தவர் என்று தெரிந்தது. "அப்படி ஒரு கேஸே இல்லீங்க. சம்மன் குடுக்கறவர் வந்து பேப்பரைக் குடுத்துட்டுப் போவார். போன்ல காசு கேக்க மாட்டார். கார்டெல்லாம் யாரும் வாங்கறதில்ல. ஒரு ரூபா குடுத்துடாதீங்க."

சரியாக அந்த நேரம் பார்த்துச் சட்டப் பிரிவு கூப்பிட்டது. கார்டு வாங்கியாச்சா?

டோக்கன்காரர் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். ஆள் பழைய ஆளாகிவிட்டார்.

"அதுக்கு முன்னாடி அடையாளம் சொல்லுங்க. எந்தக் கோர்ட்? கேஸ் நம்பர் என்ன? கடன் குடுத்தது யாரு? என் முழுப் பேர் என்ன?"

"சார், இப்படிப் பேசினா இன்னிக்கே கைது பண்ணிடுவோம்!"

"பண்ணுங்க. முதல்ல கடன் விவரத்தை எழுதி அனுப்புங்க. என் பேர்ல எத்தனை எழுத்து, அதையாவது சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பக்கம் நல்ல கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. பிறகு குக்கர் விசில் அடித்தது. பிறகு போன் செத்தது.

அன்று சாயங்காலம் வரை துணி வாங்க வந்த ஒவ்வொருவரும் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கதையில் டோக்கன்காரர் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டார். அவனை வேண்டுமென்றே பேச விட்டு வேடிக்கை பார்த்தார். உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொண்டாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு மச்சினன் வந்தான். உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

"மாமா, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரணும்? உக்காரு மாப்ளே, ஒரு கதை கேளு" என்று டோக்கன்காரர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கேட்கக் கேட்க மச்சினன் முகம் வெளிறியது. அழுக்குத் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ உங்களுக்குக் கடனே இல்லையா மாமா?"

"எனக்கு எதுக்குடா கடன்?"

"எனக்கும் போன் வந்துது. நீங்க கடன் வாங்கி மாட்டிக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. இன்னிக்குக் கடையில வச்சு உங்களைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க, அக்கா நடுத்தெருவுல நின்னு அழுவாங்க, உங்களால தாங்க முடியுமான்னு கேட்டாங்க." சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினான். "நான் கார்டு வாங்கிக் குடுத்துட்டேன் மாமா."

அக்கா வெளியே வந்தாள். "ஏதுடா பணம் உனக்கு?"

அவன் கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. பல் கட்டுவதற்காக அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தது அக்காவுக்குத் தெரியும்.

"அவன்கிட்ட ஏதாவது கேட்டியா? என்ன கடன், எந்தக் கோர்ட்டுன்னு?" என்று கேட்டார் டோக்கன்காரர்.

"கேக்கல மாமா. உங்களுக்குக் கஷ்டம்னு சொன்னான். அதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது?"

டோக்கன்காரருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இவனை எந்த அட்டையைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம் என்று நினைத்தார்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை, வேகம்தான் வந்தது. கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். கார்டு விற்ற கடைக்குப் போன் பண்ணி, கார்டில் பணம் ஏதாவது எஞ்சியிருந்தால் அதை முடக்கி வைக்கச் சொன்னாள். இரண்டு ஆண்களையும் முன்னால் நடக்க விட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

புகார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர் நிதானமான ஆள். வந்த நம்பர், பேசிய நேரம், கார்டு ரசீது எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். கிடைச்சாலும் கிடைக்கும், உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு மச்சினனைப் பார்த்தார்.

"உங்க நம்பர் அவங்களுக்கு எப்படிப் போச்சு? நீங்க அக்கா பாசம் உள்ளவர்னும் தெரிஞ்சு வச்சிருக்காங்களே?"

"அதுதான் சார் எனக்கும் புரியல" என்றான் அவன்.

டோக்கன்காரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குக்கர் விசில் அடித்தவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

"நான்தான் சார் குடுத்தேன். நம்பரையும் குடுத்தேன், அக்கா விஷயத்தையும் சொன்னேன்."

மச்சினன் திரும்பிப் பார்த்தான். கோபத்தைக் காணோம். புரியாமல் பார்த்தான், அவ்வளவுதான்.

"எதுக்கு மாமா?"

ஊரெல்லாம் கேள்வி கேட்ட மனுஷனுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அவர் மனைவிக்குக் கிடைத்தது.

"ஒரு குடைக்காகடா" என்றாள்.

போலீஸ்காரர் ஒன்றும் விளங்காமல் மூன்று பேரையும் பார்த்தார். "இதையும் புகார்ல எழுதணுமா?"

"எழுதிக்குங்க சார்" என்றார் டோக்கன்காரர்.