வெள்ளிக்கிழமைத் துண்டுகள்

கஞ்சி போட்டு விறைத்து நின்ற காக்கிச் சட்டையின் மணம் ஆளுக்கு முன்னால் வந்துவிடும். அந்த மணம் வந்ததும் எங்கள் பேச்சு நின்றுவிடும். காடு வெட்டிக் குடியேறிய எங்கள் ஊரின் ஓலைப் பள்ளிக்கூடத்துக்கு, ஐம்பதுகளின் கடைசியில், புதிதாக வந்த பெரிய வாத்தியாரின் சட்டை அது. ஐரோப்பாவில் ஒரு தலைவர் கையை உயர்த்தினால் இலட்சம் கைகள் உயர்ந்த கதையை அவர் வியந்து வியந்து சொல்லுவார். அந்தத் தலைவர் எத்தனை பேரைக் கொன்றார், எப்படி அழிந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். காலையில் எங்களையும் வரிசையில் நிறுத்திக் கை உயர்த்த வைத்தார்.

பிறகு ஒரு தகரப்பெட்டி வந்தது. ஊரில் யார் வாத்தியாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் துண்டுக் கடதாசியில் எழுதி, கீழே தன் பெயரையும் எழுதி, அதற்குள் போட வேண்டும். அதை நாங்கள் "துண்டு போடுறது" என்போம். வெறுந்துண்டு போட்டால் வெயிலில் முழங்கால். வீட்டில் பெரியவர்களுக்கும் இது தெரிந்துவிட்டது. நான் குசினிக்குள் நுழைந்தால் அடுப்படியில் நிற்கும் அம்மா ஐயாவிடம், "பிள்ளை நிக்கிறாள், பேந்து கதைப்பம்" என்பாள்.

ஒரு கிழமை எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் உயிர்ச் சிநேகிதி பாக்கியத்தின் வீட்டில் விளையாடியபோது அவளுடைய தகப்பன் கந்தையா மாமா, "இவர் என்ன, ஊருக்கு ராசாவோ?" என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. எழுதிப் போட்டேன்.

திங்கட்கிழமை, "நான் ஊருக்கு ராசாவோ?" என்று கேட்டபடி வாத்தியார் புலமைப்பரிசில் சோதனைப் பட்டியலிலிருந்து பாக்கியத்தின் பெயரை வெட்டினார். வகுப்பில் முதலாம் பிள்ளை அவள். அவள் அழவில்லை, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கந்தையா மாமா அப்படிச் சிரித்த அன்று எங்களோடு விளையாடியவள் இன்னொருத்தியும் உண்டு, முல்லைத்தீவிலிருந்து வந்து புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள் றஹீமா. "அவள்தானே?" என்று பாக்கியம் என்னைக் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அதன் பின் றஹீமா இருந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

மாரி மழை தொடங்கமுன் தகப்பன்மார் திரண்டு போய் முறையிட்டு வாத்தியாரை மாற்றுவித்தார்கள். அவர் போன அன்று கந்தையா மாமா பெட்டியை முற்றத்தில் வைத்து உடைத்தார். பழைய துண்டுகள் எல்லாம் உள்ளே இருந்தன. என் பெயர் எழுதிய அந்தத் துண்டும் அதற்குள்தான் கிடந்தது.

"ஒருத்தரும் வாசிக்க வேண்டாம். எல்லாம் எங்கட பிள்ளையளின்ர எழுத்து" என்று சொல்லி நெருப்பு வைத்தார்.

கூட்டத்துக்கு வெளியே நின்ற றஹீமா ஓடி வந்தாள். "ஐயா, என்ர துண்டுகளை மட்டும் வாசிச்சிட்டு எரியுங்கோ!"

"பயப்பிடாதை பிள்ளை, மாமா ஒண்டையும் பாக்கமாட்டன்" என்று அவள் தலையைத் தடவினார். அவர் நல்ல மனிதர். அவள் கைகளைப் பிசைந்தபடி நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருட முடிவில் அவர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கியம் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். ஐம்பது வருடம் கழித்து, நாட்டுச் சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது பள்ளிக்கூடம் இருந்த இடத்தையே அடையாளம் காண முடியவில்லை. எங்களோடு படித்தவர்களில் இங்கே மிஞ்சியிருப்பது நாங்கள் இருவர்தான். பாக்கியம் பின்னேரங்களில் என் வீட்டுக்கு வருவாள். போன கிழமையும் பழங்கதை வந்தபோது, "அந்தப் புடவைக்கடைக்காரற்றை பெட்டைதானே என்ர படிப்பைக் கெடுத்தவள்" என்றாள்.

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினேன்.