நாலு மணி நேரம்தானே அக்கா!

என் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே சிங்கப்பூரிலிருந்து வருவதாக அக்கா சொன்னாள். "திருச்சிக்கு நாலு மணி நேரம்தானுங்க்கா, லீவை எதுக்கு வீணாக்கறீங்க? முந்தின நாள் வந்தாப் போதும்" என்று நான்தான் தடுத்தேன்.

விமானம் நாலு மணி நேரத்தில்தான் பறந்து வந்தது. ஆனால் கிளம்பவே தாமதம். பெட்டிக்குக் காத்திருந்து, காரில் நாமக்கல் தாண்டி சேந்தமங்கலம் மண்டபத்துக்கு அக்கா வருவதற்குள், நல்ல நேரம் தப்பக் கூடாதென்று, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்யும் இணைச்சீரை முடித்துவிட்டார்கள். கூறைச்சேலைப் பெட்டியோடு உடன்பிறந்தவள் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகள் நின்றிருந்தாள்.

"உடு சாமி, நீ நல்லா இருந்தாப் போதும்" என்றாள் அக்கா, தோள்பையைக்கூட இறக்காமல்.

இப்போதெல்லாம் விசேஷத்துக்கு வருகிறவர்களிடம் நான் பறக்கும் நேரத்தைச் சொல்வதில்லை. இரண்டு நாள் முன்பே வரச் சொல்கிறேன். என் கல்யாண ஆல்பத்தை அக்கா ஆசையாகத்தான் பார்க்கிறாள். இணைச்சீர் படம் வரும்போது மட்டும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுகிறாள்.