ஓர் எழுத்துக்காக ஒரு நாள்: ஒரகடத்திலிருந்து தாய்லாந்து திருமண விசா

கணவர் தாய்லாந்துக்காரர், மனைவி இந்தியர். அங்கே போய்ச் சேர்ந்து வாழ நீண்ட நாள் விசா எப்படி வாங்குவது என்று நான் தேடியபோது தமிழில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இதில் கடற்கரையும் புத்தர் கோயிலும் வராது. வல்லக்கோட்டையும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும்தான் வரும். என் விசா கைவிட்டுப் போக இருந்ததும் பிழைத்ததும் அந்த இருபது கிலோமீட்டருக்குள்தான்.

என் பெயர் இசக்கி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்தேன். புதிய இயந்திரங்களை நிறுவ தாய்லாந்தில் ராயோங் என்ற ஊரிலிருந்து வந்தவர் அனன். இரண்டு வருடம் இங்கே இருந்தார். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி ஸ்ரீபெரும்புதூர் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டு, வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது நான் மூன்று மாதம் கர்ப்பம்.

"இந்தியர்கள் விசா இல்லாமலேயே போகலாமே" என்பீர்கள். நான் கிளம்பிய சமயத்தில் அந்த வசதி இருந்தது. ஆனால் அப்படிப் போனால் பிரசவத்தை ஒட்டி அனுமதித்த நாட்கள் தீர்ந்துவிடும். கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டாம், மனைவி என்ற விசாவிலேயே வந்துவிடு என்றார் அனன். ஆன்லைனில் விண்ணப்பித்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 6.10க்கு மின்னஞ்சல் வந்தது. திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை, திருத்திய சான்றிதழை ஏழு நாளுக்குள் பதிவேற்றுக என்றிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அனனின் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து. சான்றிதழில் பதினைந்துதான் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. திருமணத்துக்கான விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு நாளைக்கு ஆயிரம் உதிரிபாகத்தில் பிழை கண்டுபிடித்தவளும் நானேதான்.

எனக்கு அப்போது முப்பத்தொன்றாவது வாரம். நான் பார்த்து வைத்திருந்த விமானத்தில் முப்பத்தைந்து வாரம் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள். விண்ணப்பம் ரத்தாகி மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அந்தக் கெடுவுக்குள் போய்ச் சேர வழியே இல்லை. குழந்தை இங்கே பிறக்கும், அனன் அங்கே இருப்பார், அப்புறம் குழந்தைக்கும் சேர்த்து பாஸ்போர்ட், விசா என்று எத்தனை மாதம் ஆகுமோ.

பதிவு அலுவலக உதவியாளரின் எண் என்னிடம் இருந்தது. நல்ல மனிதர், எடுத்தார். "திருத்திடலாம்மா. ஆனா சட்டப்படி புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் இல்லன்னா நம்பகமான சாட்சி ரெண்டு பேர் வேணும். அப்புறம் ஒண்ணு. நாளைக்கு நாலு மணிக்கு மேல பதிவாளர் சார் பத்து நாள் லீவு. பொண்ணு கல்யாணம். பொறுப்புக்கு வர்றவரு இதுல கை வைப்பாரான்னு நான் சொல்ல முடியாது."

ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை.

திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூவரில் இருவர் அனனோடு வந்தவர்கள், அவர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சம் ஜெனிபா மட்டும். எனக்குப் பக்கத்து ஊர்க்காரி, என்னோடு வேலை பார்த்தவள். இன்னொருவருக்காகக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரம்மா கன்னியம்மா அக்காவிடம் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"வாடகைய ஒரு மாசம் லேட்டா குடு, ஒண்ணும் கேக்க மாட்டேன். கையெய்த்து மட்டும் கேக்காத மா" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. "முன்ன ஒரு பையனுக்கு எங்க வூட்டுக்காரரு போட்டுக் குடுத்தாரு. அவன் இன்னாவோ பண்ணிட்டு ஓடிட்டான். இவரு மூணு நாளு ஸ்டேஷன்ல குந்திகினு இருந்தாரு. போதும்டா சாமி."

வற்புறுத்தாமல் திரும்பினேன். உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளரான எங்கள் லைன் லீடருக்கு, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் போன் செய்தேன். ஜெனிபாவோடு தானும் பதினொன்றரைக்கு கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். நிம்மதி. ஷேர் ஆட்டோவில் ஒரகடம், ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். 9.15க்கே கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். செக்யூரிட்டி அண்ணன் என் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலியை நிழலில் போட்டுக் கொடுத்தார்.

பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. யாரும் வரவில்லை. உள்ளே போன் கொண்டுபோக முடியாது, கூப்பிட்டும் பயனில்லை. வயிறு அவ்வப்போது கல் மாதிரி இறுகித் தளர்ந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், விட்டு விட்டு வந்தால் பயமில்லை, வரிசையாக வந்தால் உடனே வா என்று. கடிகாரத்தைப் பார்த்து நான் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன்: நான்கு மணிக்கு எவ்வளவு இருக்கிறது, கடைசியாக இறுகி எவ்வளவு நேரம் ஆகிறது. நடுவே அனன் அழைத்தார். நான் கிளம்பி வரட்டுமா என்றார். அவர் இந்திய விசா எடுத்து, விமானம் ஏறி, நான்கு மணிக்குள்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

1.50க்கு ஜெனிபா மட்டும் ஓடி வந்தாள்.

"ஏட்டி, லைன் நின்னு போச்சி. லீடரால நவுர முடியல. எனக்கே இப்பதான் விட்டாவ. என்னட்டி பண்ணப் போறோம்?"

வாசலில் வேறு யாரையாவது கேட்கலாமா என்றாள். என்னையும் அனனையும் சேர்த்துப் பார்த்திராத ஒருவர் எப்படி நம்பகமான சாட்சி ஆவார்? எங்களைத் தினமும் பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார், காலையிலேயே முடியாது என்று சொன்னவர். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில்தான் அவர் வீடு. ஆட்டோ பிடித்தேன். நடுவில் ஓரிடத்தில் நின்று போக 450 ரூபாய். (சாதாரண நாளில் பேருந்து போதும். ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்கு மட்டும் பேருந்தை நம்பாதீர்கள்.)

கூட்டுச் சாலையைத் தாண்டவே இருபது நிமிடம். முன்னால் புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர், பின்னால் கம்பெனிப் பேருந்துகளின் வரிசை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, ஆஸ்பத்திரியா? ஆரன் அடிச்சிகினே போய்டவா?"

"ஆஸ்பத்திரி இல்லண்ணே. கவர்மென்ட் ஆபீஸ். நாலு மணிக்குள்ள."

"அது இதவிட மோசம்" என்று சொல்லிவிட்டு வண்டியை இடப்பக்கம் ஒடித்து சிப்காட் உள்சாலையில் விட்டார்.

2.40க்குக் கன்னியம்மா அக்கா வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரம் பிடிக்கும்.

"அக்கா, எனக்குப் பொறுப்பு ஏத்துக்கிட வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இங்க இருந்ததைப் பாத்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொன்னாப் போதும்."

"அதுல இன்னா எய்திகீதுன்னு எனக்கு எப்டி மா தெரியும்?"

"நான் வரிக்கு வரி படிச்சிச் சொல்லுதேன்க்கா" என்றாள் ஜெனிபா. "ஒங்களுக்குச் சரியாப் படலன்னா போட வேண்டாம். இதே ஆட்டோல திரும்பிருவோம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது இரக்கம் இல்லை. பயத்தை எடை போட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பிறகு போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"தோ பாரு, இசக்கியோட பதிவு ஆபீசுக்குப் போறேன். இல்ல, ஜாமீனு இல்ல. கடனு இல்ல. நான் கண்ணால பாத்தத சொல்லப் போறேன்." அந்தப் பக்கம் சத்தம் உயர்ந்தது எங்களுக்கே கேட்டது. அக்கா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காத்திருந்தார். "கேக்கலய்யா, சொல்றேன். நீ பயந்து பயந்து இன்னாத்த கண்ட? வெய்யி போன."

புடவை மாற்றி, ஆதாரை எடுத்துக்கொண்டு அவர் வந்து ஏறியபோது 2.55. 3.38க்கு அலுவலகப் படி ஏறினோம்.

அதிகாரி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை கட்டு ஒன்று ஓரத்தில் இருந்தது. என் மனுவையும், அனன் ஊர் திரும்பிய பின் புதுப்பித்த பாஸ்போர்ட்டின் நகலையும் வாங்கிப் பார்த்தார். ஜெனிபாவிடம் இரண்டு கேள்வி, சரியாகச் சொன்னாள். அடுத்து அக்கா.

"இவங்க வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். எங்க வூட்லதான் குடியிருந்தாங்க."

"அவர் பேரு?"

"ஆனந்து சார்."

அதிகாரியின் பேனா நின்றது. பெயர்ப் பிழையைத் திருத்த வந்த இடத்தில் சாட்சி வேறு பெயரைச் சொல்கிறார். அக்கா அவரை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அதை ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

"ஆனந்தா? இங்க அனன்னு இருக்கே. நீங்க சொல்றது இந்த ஆளைத்தானா?"

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அவங்க சொல்லட்டும்."

அக்கா பாஸ்போர்ட் நகலை வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்துப் படத்தைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இவருதான் சார். காகிதத்துல இன்னா எய்திகீதோ, என் வாயில ஆனந்துன்னுதான் வரும். குடியிருந்த வரைக்கும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாத்தாரு. புருவத்துல தையல் தழும்பு கீது பாருங்க. எங்க வூட்டுக் கெணத்து மோட்டாரு ரிப்பேர் பண்றேன்னு குனிஞ்சி இடிச்சிக்கினாரு. இந்தப் பொண்ணுதான் ஆட்டோ வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போச்சி, அழுதுகினே. பொண்டாட்டி இல்லாம வேற யாரு சார் அப்டி அழுவாங்க?"

அதிகாரி படத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புருவத்தைப் பார்த்தார். பிறகு உதவியாளரிடம் திருமணப் பதிவுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். ஏற்கெனவே எழுதியிருந்ததைத் தொடாமல் ஓரத்தில் சரியான பெயரை எழுதினார், ஒவ்வோர் எழுத்தாக. என்னை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார். பதினாறு. ஜெனிபா படித்துக் காட்ட, அக்கா கையெழுத்துப் போட்டார். மணி 3.57. திருத்திய சான்றிதழின் நகல் 4.40க்குக் கையில் கிடைத்தது. அதிகாரி அதற்காகக் காத்திருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். "ஒரு டீ வாங்கிக் குடு மா. கையெல்லாம் சில்லுனு கீது."

அன்று மாலை 6.20க்குப் பதிவேற்றினேன். ஒன்பதாவது வேலை நாளில் விசா மின்னஞ்சலில் வந்தது. முப்பத்து நான்காவது வாரத்தில், டாக்டர் கடிதத்தோடு, சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம். பாங்காக்கில் தொண்ணூறு நாளுக்கு முத்திரை குத்தினார்கள். ராயோங் அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். முப்பத்தொன்பதாவது வாரத்தில் மகள் பிறந்தாள்.

இனி, இந்த வழியில் வரப் போகிறவர்களுக்கு. பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் சான்றிதழை இருவர் பாஸ்போர்ட்டோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் கணவன் மனைவி இருவரும் ஒரே ஊரில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். விசாவுக்குத் திருத்திய நகல் போதுமானதாக இருந்தது. ஆனால் தாய்லாந்தில் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய நம் வெளியுறவுத் துறையின் சான்றொப்பம், அதன் மேல் தாய்லாந்து தூதரகத்தின் சான்றொப்பம் இரண்டும் கேட்டார்கள். ஜெனிபா இரண்டு நாள் லீவு போட்டு எனக்காக அலைந்தாள். அங்கே போனபின் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

தொண்ணூறு நாள் முடிவதற்குள் குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டு நீட்டிப்புக்குப் போக வேண்டும். கணவரின் அடையாள அட்டை, வீட்டில் குடியிருப்போர் பெயர்கள் உள்ள வீட்டுப் பதிவேடு, வீட்டுக்குள் இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் எல்லாம் கேட்டார்கள். வங்கியில் பெருந்தொகை காட்ட வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆண்களுக்கு. என்னிடம் கேட்கவில்லை. விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். முதல் முத்திரை "பரிசீலனையில்" என்றுதான் விழும், முப்பது நாளுக்கு. பயப்பட வேண்டாம். நான் பயந்தேன்.

அந்த முப்பது நாளும் முடிந்து, போன வாரம் ஓராண்டு முத்திரை கிடைத்தது. மகளுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. அலுவலகத்துக்கு வெளியே ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்தேன். அனன் நூடுல்ஸ் வாங்கப் போயிருந்தார். வழக்கம்போல மணியைப் பார்த்தேன், அடுத்து எங்கே ஓட வேண்டும் என்று யோசித்தேன். எங்கேயும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் குடித்து முடித்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், அலுவலகத்தைப் பூட்டும் வரை.