சாஸ்தா இருக்கிறார், பாறை இல்லையாம்!

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்கிறேன். ஒரு போன். ஊரிலிருந்து குவாரி ஆபீஸ் ஆள். என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ!

"பம்பாய்ல உக்காந்துகிட்டு எங்க குவாரியப் பத்தி எதுக்குக்கா மனு போடுதிய? வாட்ஸ்அப்புல வாறதயெல்லாம் நம்புவியளோ?"

நம்பவில்லை. அதனால்தானே மனு போட்டேன்?

ஊரில் எங்கள் சாஸ்தா இருப்பது ஒரு பாறையின் அடியில். பங்குனி உத்திரத்துக்குத் தாராவியிலிருந்து ரயிலேறிப் போய்ப் பொங்கலிடுவோம். அந்தப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ. அது வேற ஊரு என்றார் ஒருவர். குவாரியை மூடியாச்சு என்றார் இன்னொருவர். முப்பது வருஷ லீஸ் என்றார் மூன்றாமவர்... யாரை நம்புவது?

நான் பத்தாவது தாண்டாதவள். ஆனால் கடிதம் எழுதத் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் கனிமவள அலுவலகத்துக்கு ஒரு மனு — சாஸ்தா பாறையில் குவாரிக்கு அனுமதி உண்டா? சாமி படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்தது. அப்படி ஒரு பாறையே பதிவில் இல்லையாம்.

வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஊரிலிருக்கும் அண்ணன் மனைவியை, எங்கள் மைனியை, கிராம அலுவலரிடம் அனுப்பிப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன்.

"சாஸ்தா பேரே அதுல இல்லட்டி. ஒரு நம்பரப் போட்டு, கல்லாங்குத்துன்னு எழுதிருக்கு."

கல்லாங்குத்து! விளையாத கல் நிலத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர். நாம் கும்பிடுகிற பெயரில் கேட்டால் அவர்களிடம் பதில் கிடையாது. அவர்கள் எழுதிவைத்த பெயரில்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சர்வே நம்பரோடு மறுபடி மனு. இந்தத் தடவை பதிலோடு வரைபடமும் வந்தது. அனுமதி பக்கத்து நம்பருக்கு மட்டும்தான். மைனி நேரில் போய்ப் பார்த்தார். எல்லைக்கல்லைத் தாண்டி, சாஸ்தா பக்கம் நிற்கிறது மெஷின்.

கலெக்டருக்கு அனுப்ப அந்த வரைபடத்தைத்தான் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தேன். போனில் இருந்தவரிடம் சர்வே நம்பரைச் சொன்னேன். எல்லைக்கல்லையும் சொன்னேன். அவரோ, இதில் பெரிய ஆட்களெல்லாம் இருக்கிறார்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றார்.

"எங்க சாஸ்தாவ விடவா பெரிய ஆளு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

"கித்னா காப்பி, ஆன்ட்டி?" எத்தனை நகல் என்று இந்தியில் கேட்டார் கடைக்காரர்.

கலெக்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என இரண்டு எடுக்கத்தான் வந்தேன். இருபது எடுத்தேன்.